கமலாம்பாள் நகர் கேட்டு

ராஜாத்திக்குக் கோபம் வந்தால் கமலாம்பாள் நகரில் நாய்கூடக் குரைக்காது என்பார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அவளுக்கு ஏன் கோபம் வருகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்குமே.

தாராசுரம் தாண்டி, கும்பகோணம் டவுன் பஸ் திரும்புகிற இடத்தில் இருக்கிறது அந்த நகர். முன்பு அத்தனையும் நஞ்சை. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பண்ணையார் பஞ்சநதம் அதைச் சமையல்காரன் பேரிலும் வண்டிக்காரன் பேரிலும் பிரித்து எழுதினார். சட்டம் இன்னும் கொஞ்சம் நெருக்கியிருந்தால் வண்டிமாட்டின் பேரிலும் எழுதியிருப்பார். உழுதவன் பேர் மட்டும் அவர் வாயில் வரவில்லை. பிறகு ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வராத வருஷங்களில், மகன் தியாகராசன் வயலில் கல் நட்டு, மனை போட்டு விற்று, பெற்ற தாயின் பேரையே நகருக்கு வைத்தார்.

வாங்கி வந்தவர்கள் பல தரப்பு. துபாய்ச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடுகள், பாத்திரக்கடைக்காரர், பட்டு வியாபாரி, வாத்தியார் குடும்பங்கள். நோன்புக் கஞ்சி எல்லா வீட்டுக்கும் போகும், பொங்கலும் கேக்கும் அதேபோல் போகும். இதைச் சொல்லிச் சொல்லியே சங்கத் தலைவர் தியாகராசன் கூட்டத்தில் மார் தட்டுவார். கட்சிக்காரர், மேடைப் பழக்கம் உண்டு. சமத்துவம் என்ற சொல்லை வெற்றிலை மாதிரி மெல்லுவார்.

நகருக்குப் பின்னால் காலனி. ராஜாத்தி அங்கிருந்து வந்துதான் தெருவைக் கூட்டினாள். கஞ்சியும் பொங்கலும் அவள் தூக்குவாளிக்கும் விழும். வாசலில் நிற்க வைத்து ஊற்றுவார்கள்.

அவள் அப்பன் நடராசன் செத்தது ஓர் ஐப்பசியில். அப்போது காலனிப் பிணம் ஊர்த் தெருவில் போகக்கூடாது, வயலில் இறங்கித்தான் அரசலாற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். சம்பா நட்டு நீர் நின்ற வயலில் தூக்கியவர்களின் கால் புதைந்து பாடை சரிந்தது. அப்பன் முகம் சேற்றில் கிடந்ததைச் சிறுமி ராஜாத்தி வரப்பில் நின்று பார்த்தாள். மறுநாள் பஞ்சநதம் வந்தார். துக்கம் கேட்க இல்லை. பயிரை மிதித்ததற்குத் திட்ட வந்தார்.

அன்றைக்குப் பாடை தூக்கி வழுக்கி விழுந்தவர்களில் ஒருவன் வைரக்கண்ணு. பிற்பாடு அவளைக் கட்டிக்கொண்டவன். காமாலை முற்றிப் படுக்கையில் கிடந்தபோது அவன் கேட்டது ஒன்றுதான்.

"என்னைச் சேத்துல போட்டுறாத புள்ள."

"ரோட்டுலதான் போவ. நான் கூட்டுற ரோட்டுல" என்றாள்.

அவன் போனதும் ஐப்பசியில்தான். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சங்கம் கூடி, அதுவரை நகர் ரோட்டில் போன காலனிப் பிணம் இனி நகருக்குள் வரக்கூடாது என்று முடிவு செய்திருந்தது. பிள்ளைகள் பயப்படுகிறார்களாம், பூ விழுந்து குப்பையாகிறதாம். வாய்க்கால் கரையோரமாகப் போகட்டும் என்றார்கள். அந்தக் கரை மழைக்கு உடைந்து கிடந்தது. பெருஞ்சாலைப் பக்கம் இரும்பு கேட்டு போட்டார்கள். காலனிப் பக்கம் போடவில்லை. போட்டால் பாத்திரம் தேய்க்க யார் வருவது? புத்திசாலிகள் செய்த தப்பு அதுதான்.

பாடை காலனிப் பக்கம் நுழைந்து, பறை முழங்க நகரின் நீளம் முழுக்க நடந்து, கேட்டருகே வந்து நின்றது. கேட்டில் பூட்டு. பறைச் சத்தம் கேட்டதும் போட்டது. பக்கத்தில் சங்கம் கட்டிய பிள்ளையார் கோயில், எதிரே தியாகராசன் வீடு. அன்று சாயங்காலம் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். திருவாரூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கிளம்பியாகிவிட்டது. பந்தலடியில் சமையல்காரர் அண்டாவை ஏற்றியிருந்தார்.

தியாகராசன் வெளியே வந்தார்.

"திரும்பிக் கரை வழியா தூக்கிட்டுப் போங்கப்பா. முன்னாடியே சொல்லியாச்சுல்ல."

சேதி காலனிக்கு ஓடியது. புருஷன் பிணத்தோடு பெண்டாட்டி வீதிக்கு வருவது வழக்கமில்லை. ராஜாத்தி வந்தாள், தலைவிரி கோலமாக. பூட்டைப் பார்த்தாள். சேற்றில் கிடந்த அப்பன் முகம் கண்முன் வந்தது.

"வீட்டவிட்டுக் கெளம்புன பாடை திரும்பாது. எறக்குங்கடா" என்றாள்.

"இங்கயா?" என்றான் தூக்கியவர்களில் ஒருவன்.

"இங்கதான். புள்ளையாருக்கு நேரா."

பாடை தரையில் இறங்கியது. பறை நின்றது. அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

தெருவில் பிணம் கிடந்தால் கோயில் நடை திறக்காது, அடுப்பு எரியாது. இது காலனிக்காரர்கள் போட்ட சட்டமில்லை. குருக்கள் முதலில் கோயில் கதவைச் சாத்திவிட்டு ஒதுங்கினார். சமையல்காரர் தியாகராசனைப் பார்த்தார், பிணத்தைப் பார்த்தார், ஒரு குடம் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினார். புகை பந்தலெல்லாம் பரவியது. வீடு வீடாக அடுப்பு அணைந்தது.

மெஹராஜ் பேகம் மட்டும் டீ போட்டுத் தூக்குப்பாத்திரத்தில் கொண்டுவந்தார். புருஷன் துபாயில் இருக்கிற அம்மா அது. ராஜாத்தியிடம் பிரியமானவர்.

"குடிங்கக்கா. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

"கூட்டத்துல நீங்களும் கை தூக்குனீங்களாம்மா?"

மெஹராஜ் பேகம் தலை குனிந்தார்.

"எல்லாரும் தூக்குனாங்கக்கா. ஒண்டியா இருக்கறவ, நான் மட்டும் எப்படி..."

"ஒங்க மாமியா மவுத்தானப்ப இந்தத் தெருவுலதான தூக்கிட்டுப் போனீங்க. முன்னாடி ராவெல்லாம் மழை. நான்தான சேறு தள்ளிக் கூட்டிவிட்டேன், தூக்குறவங்க வழுக்கிறக் கூடாதுன்னு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இருந்துமா கை தூக்குனீங்க?"

அந்தம்மா அழுதார். ராஜாத்தி அழவில்லை. டீயைப் பாடை தூக்கியவர்களுக்கு ஊற்றச் சொன்னாள். தான் தொடவில்லை.

தியாகராசன் கத்திப் பார்த்தார், பிறகு போலீஸ் என்றார், பிறகு குரலை இறக்கினார்.

"ராஜாத்தி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துருவாங்க. ஒரு நல்ல காரியம்..."

"ஒங்க அய்யா காலத்துல எங்கப்பன சேத்துல போட்டீங்க. இவரையும் போட விட்டா நான் இவருக்குப் பொண்டாட்டி இல்ல. வரட்டும் மாப்பிள்ளை வீடு. நாங்க ஓரமா இருக்கோம்."

அவர் சாவியை எடுத்துத் தாமே திறந்தார். சமத்துவத்துக்காக இல்லை, சாம்பாருக்காக. திறந்தாரே, அது போதும். வைரக்கண்ணு காய்ந்த தார் ரோட்டில், பறை முழங்க, பூவும் பொரியும் இறைபட வெளியே போனான்.

மறுநாள் காலையில் காலனிக்கு ஆள் வந்தது.

"தெருவெல்லாம் பூவாக் கெடக்காம். வந்து கூட்டி, மஞ்சத்தண்ணி தெளிச்சுவிடச் சொன்னாரு தலைவரு."

ராஜாத்தி எழுந்தாள். மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"அது எம்புருசன் மேல போட்ட பூவு. குப்பைன்னா, ஒங்க தலைவரையே கூட்டிக்கச் சொல்லு."