மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்த கூடை

எழுபதுகளின் நடுப்பகுதியில் இது நடந்தது. அப்போது நான் மெல்பேணில், பிரன்ஸ்விக் பகுதியில், ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தேன். ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கலியாணம் ஆகவில்லை. சேர்த்து வைத்த லீவு கையில் இருந்தது. கடலும் மலையும் ஒன்றாக இருக்கிற ஊர்களைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. நான் பிறந்த யாழ்ப்பாணத்தில் கடலுக்குக் குறைவில்லை, ஆனால் ஏறி நின்று பார்க்க ஒரு மேடு கிடையாது. நான் இருந்த மெல்பேண் தெருவும் தட்டை. அதனால் லிஸ்பன், ஜெனோவா, நேப்பிள்ஸ் என்று மூன்று ஊர்களைத் தெரிவு செய்து டிக்கெட் எடுத்தேன்.

அந்த நாளில் மெல்பேணில் எங்கள் ஆட்கள் கொஞ்சப் பேர்தான். ஒருத்தருக்குத் தெரிந்தால் எல்லாருக்கும் தெரிந்த மாதிரி. எனக்கு வேண்டிய அன்ரி ஒருவர் டெலிபோன் எடுத்தார்.

“தனியவோ பிள்ளை போறாய்?”

“ஓம் அன்ரி.”

“அங்க ஆரும் சொந்தக்காரர் இருக்கினமோ?”

“ஒருத்தருமில்லை.”

“அப்ப என்னத்துக்குப் போறாய்?”

சும்மா ஊர் பார்க்க என்று சொல்லிச் சமாளித்தேன். மலை ஏறப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் ஊரில் இருந்த அம்மாவுக்குக் கடிதம் போயிருக்கும்.

பக்கத்து வீட்டு இத்தாலிய மனுஷி அப்படி எதுவும் கேட்கவில்லை. நேப்பிள்ஸுக்குப் பக்கத்து ஊரில் பிறந்து, மெல்பேணில் உடுப்புத் தைக்கிற பாக்டரி ஒன்றில் வேலை செய்கிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். பாஸ்போர்ட்டை எங்கே வைக்கப் போகிறாய் என்றுதான் கேட்டார். ஹாண்ட்பாக்கில் என்றதும் தலையில் கை வைத்துவிட்டார். ஸ்கூட்டரில் வந்து தோளிலிருந்து அறுத்துக்கொண்டு போவார்கள், நீ திரும்பிப் பார்க்கும்போது அடுத்த தெருவில் நிற்பார்கள் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பயமுறுத்தினார். நான் குளிருக்கென்று வாங்கி வைத்திருந்த, முழங்கால் வரை வருகிற பூட்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் திருப்பித் தந்தபோது, வலது பூட்ஸின் உட்புறத்தில் கெட்டித் துணியில் ஒரு பை தைத்திருந்தது. பாஸ்போர்ட், விமான டிக்கெட், டிரவலர்ஸ் செக் எல்லாம் அதற்குள் அளவாக அடங்கின.

அந்தப் பாஸ்போர்ட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது இலங்கைப் பாஸ்போர்ட். அதில் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக இருக்கலாம் என்ற முத்திரை விழுந்திருந்தது. அதற்காக நான் எத்தனை அரசாங்கக் கந்தோர்ப் படி ஏறி இறங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும். அப்பா போன பிறகு ஊரில் தனியாக இருந்த அம்மாவைக் கூப்பிடுவதற்கு அந்த முத்திரையை நம்பித்தான் எழுதிப் போட்டிருந்தேன். அது தொலைந்தால் நானே திரும்பி ஆஸ்திரேலியாவுக்குள் போக முடியுமோ தெரியாது. அம்மா வருகிற கதையும் அதோடு முடிந்துவிடும்.

அதனால் பயணம் முழுக்க என் கவனம் பாதி காட்சியில், பாதி வலது காலில். நடக்கும்போது பாஸ்போர்ட் கெண்டைக்காலில் உரசிக்கொண்டே இருக்கும். உரசுகிறவரை எனக்கு நிம்மதி.

லிஸ்பனில் தெருக்கள் என்று சொல்லப்படுகிறவை பாதிக்கு மேல் படிக்கட்டுகள். மஞ்சள் டிராம் ஒன்று வீட்டுச் சுவர்களை உரசுகிற மாதிரி வளைந்து வளைந்து ஏறும். மூச்சு வாங்க ஏறி உச்சியில் நின்றால், சிவப்புக் கூரைகளுக்கு அப்பால் ஆறு கடலில் சேர்வது தெரியும். நான் தங்கிய வீட்டுக்காரி முதல் நாள் ஒரு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். அவர் அதற்குச் சொன்ன பெயரும் ஏறக்குறைய கதிரைதான். யன்னலும் அப்படியே, சப்பாத்தும் அப்படியே. எங்கள் சொற்கள் என்று நான் நினைத்திருந்தவை போர்த்துக்கீசர் கப்பலில் கொண்டுவந்து விட்டுப்போனவையாம். முன்பின் தெரியாத ஊரில் சொந்தக்கார வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. அன்ரிக்கு இதை ஒரு போஸ்ட்கார்டில் எழுதினேன்.

ஜெனோவாவில் ஒரு மலைக்குள் குடைந்த நீண்ட சுரங்கப் பாதையில் நடந்து போனால் கடைசியில் ஒரு லிப்ட் நிற்கும். கட்டடத்துக்குள் எங்கோ ஏறுகிறோம் என்று நினைத்து வெளியே வந்தால் இன்னொரு தெரு. அங்கே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போகிறார்கள், பாண் சுடுகிற பேக்கரி இருக்கிறது, சற்றுமுன் நான் நின்ற துறைமுகம் காலடியில் கிடக்கிறது. அங்கே நின்ற இரண்டு நாளும் ஒரு காரணமுமில்லாமல் அந்த லிப்டில் ஏறி இறங்கினேன். தனியாகப் போனதில் ஒரு வசதி, விசர் என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லை.

நேப்பிள்ஸ் கடைசி ஊர். அடுத்த நாள் காலையில் ரோமுக்கு ரயில், அங்கிருந்து விமானம், பிறகு மெல்பேண். கேபிள் இழுக்கிற ரயிலில் மேலே போய்விட்டு, படிக்கட்டுச் சந்து ஒன்றின் வழியாகக் கடலை நோக்கி நடந்து இறங்கினேன். இரண்டு பக்கமும் நாலைந்து மாடி வீடுகள், குறுக்கே கொடிகளில் ஈரத் துணி, அந்தத் துணிகளுக்கு இடையில் நீலமாகக் கடல். அங்கே ஒரு வழக்கம் எனக்கு நிரம்பப் பிடித்தது. மேல் மாடிப் பெண்கள் கடைக்கு இறங்குவதில்லை. பல்கனியிலிருந்து கயிற்றில் ஒரு கூடையை இறக்குகிறார்கள். தள்ளுவண்டிக்காரர் கீரையையோ தோடம்பழத்தையோ அதில் வைக்கிறார். கூடை மேலே போகிறது. விலைச் சண்டை மட்டும் மாடிக்கும் தெருவுக்குமாக நடக்கிறது. எங்கள் ஊரில் மாடி வீடுகள் இருந்திருந்தால் நாங்களும் இதைத்தான் செய்திருப்போம்.

அந்தச் சந்தின் நடுவில் ஒரு சின்னத் தேவாலயம் இருந்தது. லிஸ்பனிலும் ஜெனோவாவிலும் பெரிய தேவாலயங்களுக்கு எல்லாரையும் போலச் சப்பாத்தோடுதான் போனேன். அவை மியூசியம் மாதிரி இருந்தன. இது அப்படியில்லை. மெழுகுதிரிப் புகையும் பூ வாசமும் வாசல் வரை வந்தன. உள்ளே பெண்கள் மாதாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார்கள். நான் சைவக்காரி, ஆனால் படித்தது கன்னியர் மடத்தில். அங்கே கோயிலுக்குள் வெறுங்காலோடுதான் போவோம். இவ்வளவு தூரம் வந்து ஒன்றும் களவு போகாமல் திரும்புகிறேன், ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். நான் குனிந்தேன், கை தன்பாட்டில் பூட்ஸின் சிப்பைத் திறந்தது. பூட்ஸ் இரண்டையும் வாசல் படியில் ஒழுங்காகச் சோடியாக வைத்துவிட்டு உள்ளே போனேன்.

களவு போகாததற்கு நன்றி சொல்லத்தான் போனேன் என்பதை இன்னொரு முறை வாசியுங்கள். இந்த விசர் வேலையை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

உள்ளே பத்து நிமிடம் இருந்திருப்பேன். எழும்பும்போது காலில் எதுவும் உரசவில்லை. அப்போதுதான் விளங்கியது. ஓடி வந்து பார்த்தால் படி வெறுமையாக இருந்தது.

வாசலில் இரண்டு கிழவர்கள் கதைத்துக்கொண்டு நின்றார்கள். வெறுங்காலைக் காட்டி, லிஸ்பனில் சரிவந்த நம்பிக்கையில் “சப்பாத்து, சப்பாத்து” என்று கத்தினேன். ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு மேலே கையைக் காட்டினார். ஆண்டவனைக் கேள் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆண்டவனிடம் போய்விட்டுத்தானே வருகிறேன்.

பொலிசைத் தேடிப் படிகளில் கீழே ஓடினேன். மழை பெய்து ஓய்ந்திருந்த கருங்கல். குளிர் உள்ளங்காலில் ஊசியாய் ஏறியது. அம்மா, முத்திரை, அம்மா, முத்திரை என்பதைத் தவிர மூளையில் வேறெதுவும் ஓடவில்லை. பின்னால் ஒரு பெண் உரத்த குரலில் கத்தினாள். அதைக் கேட்டு அடுத்த பல்கனியில் ஒருத்தி கத்தினாள். பிறகு எதிர்ப் பல்கனியில் ஒருவர். நான் ஓட ஓட, அந்தச் சத்தம் வீடு வீடாக எனக்கு மேலால் இறங்கி வந்தது. எல்லாரும் என்னைத்தான் கையால் காட்டினார்கள். ஒரு கறுப்புப் பெண் வெறுங்காலோடு ஓடுவது இவர்களுக்கு வேடிக்கை என்று நினைத்தேன். இன்னும் வேகமாக ஓடினேன். எங்கேயோ கல்லில் இடறிப் பெருவிரல் வெட்டுப்பட்டது.

சந்து முடிகிற இடத்தில் உடுப்புக் கூடையோடு ஒரு பருத்த மனுஷி நின்றாள். மேலேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டாள், என்னைப் பார்த்தாள், கூடையைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கட்டுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டாள். அவளைத் தாண்ட வழியில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் அழுதுகொண்டே தமிழில் ஏசினேன். அவள் ஒன்றையும் பொருட்படுத்தாமல், என்னை இழுத்துக்கொண்டு படிப்படியாக மேலே ஏறினாள். கள்ளனை விட்டுவிட்டு இவள் ஏன் என்னைப் பிடிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

தேவாலய வாசலுக்கு வந்ததும் அவளும் மேலே கையைக் காட்டினாள். இம்முறை நிமிர்ந்து பார்த்தேன். எதிர் வீட்டு மூன்றாம் மாடியில், மாவு படிந்த ஏப்ரனோடு ஒரு பெண் நின்றாள். அவள் கையில் கயிறு இருந்தது. கயிற்றில் கூடை இறங்கி வந்தது. கூடைக்குள் என் பூட்ஸ் இரண்டும் சோடியாக இருந்தன.

கையை உள்ளே விட்டேன். பாஸ்போர்ட் இருந்தது. டிக்கெட் இருந்தது. எல்லாம் வைத்தபடி இருந்தன. ஈரப்படியில் அப்படியே குந்திவிட்டேன்.

நடந்ததை, அங்கே வந்து நின்ற தள்ளுவண்டிக்காரர் ஒருவர் நடித்துக் காட்டினார். நான் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனதை மாடிப் பெண் கண்டிருக்கிறாள். உடனே கூடையை இறக்கி, அந்தப் பூட்ஸை எடுத்து இதில் வையும் என்று இவரிடம் சொல்லியிருக்கிறாள். கண்ணை வாசலிலேயே வைத்திருந்தவள், அடுப்பில் ஏதோ பொங்கியதும் குசினிக்குள் போயிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து நான் வெளியே வந்தேன். திரும்பி வந்தவள் நான் ஓடுவதைக் கண்டு கத்த, என்னை மறிக்கச் சொல்லி மற்றவர்கள் அதைக் கீழே கடத்தியிருக்கிறார்கள். நான் ஓடிய விதத்தையும் அவர் விடாமல் நடித்துக் காட்டினார். கிழவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும் நிற்கவில்லை.

கூடை மறுபடி இறங்கியது. அதில் துவாய் ஒன்றும், காயத்துக்குக் கட்டத் துணியும், தடித்த கம்பளிக் காலுறையும் இருந்தன. பருத்த மனுஷி என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துத் துடைத்துக் கட்டினாள். ஊர் எது என்று கேட்டிருக்க வேண்டும். ஆஸ்திரேலியா என்றேன். அந்தச் சொல் பல்கனி பல்கனியாக மேலே போனது. அண்ணன், மகள், மச்சான் என்று எல்லாருக்கும் அங்கே யாரோ இருந்தார்கள் போல. பெயர்களைச் சொல்லி எனக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்ல மனம் வராமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

மூன்றாம் முறை கூடையில் கோப்பி வந்தது. இத்தனைக்கும் மாடிப் பெண் கீழே இறங்கி வரவேயில்லை. கம்பியில் சாய்ந்து நின்று, நான் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோப்பையைக் கூடையில் வைத்தேன். ஆனால் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லை. என் துணிப்பையில் வரைபடமும் ஒரு சுவெட்டரும் இலங்கைத் தேயிலைப் பக்கெட் ஒன்றும் இருந்தன. போகிற இடமெல்லாம் சுடுதண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடிப்பதற்காகக் கொண்டுபோனது, பாதிதான் முடிந்திருந்தது. அதைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். கூடை மேலே போனது. அவள் பக்கெட்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு எனக்குத் தலையசைத்தாள். நான் இரண்டு கையையும் கூப்பினேன். அவள் பெயரைக் கேட்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை.

மெல்பேணுக்கு வந்து பக்கத்து வீட்டு மனுஷியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பூட்ஸுக்குள் ஒளித்து வை என்றுதான் சொன்னேன், பூட்ஸைக் கழற்றி வை என்றா சொன்னேன் என்று கேட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தப் பெண் எடுத்து வைக்காவிட்டால் நீ வெளியே வரும்வரை அது அங்கே இருந்திருக்காது என்றார். அடுத்த வருடம் அம்மா வந்து சேர்ந்தார். விமான நிலையத்தில் அவருடைய பெட்டியைத் தூக்கும்போது எனக்கு அந்தக் கூடைதான் நினைவுக்கு வந்தது.

இப்போது எனக்குக் கலியாணமாகிப் பேரப்பிள்ளைகளும் ஆகிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போகிறோம். மெல்பேண் வானத்தை நம்ப முடியாது. பூசை நேரத்தில் மழை வந்தால் நான் வெளியே வந்து, நனைகிற இடத்தில் கிடக்கிற செருப்பு, சப்பாத்துகளை எல்லாம் எடுத்துக் கூரைக்குக் கீழே சோடி சோடியாக வைப்பேன். ஆட்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள் என்று மகனுக்கு வெட்கம். போன மாதம் இளம் பெண் ஒருத்தி வெளியே வந்தாள். என் கையில் இருந்ததையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அன்ரி, அது என்ர சூஸ்.”

“ஓம் பிள்ளை. நனையுது எண்டு எடுத்து வைச்சனான்.”

அவள் நம்பினாளோ தெரியவில்லை. தாங்ஸ் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வேகமாகப் போனாள். எனக்குக் கோபம் வரவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியின் பொருளைக் காப்பாற்றப்போய், அவள் கண்ணுக்குக் கொஞ்ச நேரம் கள்ளியாகத் தெரிவதற்கும் அன்று நேப்பிள்ஸில் ஒரு பெண் சம்மதித்தாள். அதனால்தான் நான் வீடு வந்து சேர்ந்தேன், என் அம்மாவும் என்னோடு இருந்து கண்மூடினார்.