பெரியம்மா கேட்ட நாற்காலி

எங்கள் பெரியம்மாவைப் படமாக வரைந்து அருங்காட்சியகத்தில் மாட்டப்போவதாகக் கடிதம் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். பெரம்பலூரில் ஓர் அறக்கட்டளை அந்த அருங்காட்சியகத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தது. வட்டாரத்தில் பேர் சொல்லும்படி ஏதாவது செய்த ஐந்து பேரை ஒரு குழு தேர்ந்தெடுத்திருந்தது. ஒரு டாக்டர், ஒரு தலைமையாசிரியர், ஏரிக்கு நிலம் கொடுத்த ஒருவர், கல்லூரிப் பேராசிரியர் ஒருவர். ஐந்தாவது ஆள் பெரியம்மா.

அவள் செய்தது இதுதான். நூறு நாள் வேலையில் ஓடையைத் தூர்வாரும்போது, வண்டிச் சக்கரம் அளவுக்குச் சுருண்ட நத்தை ஒன்று கல்லாகிக் கிடப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் ரோட்டுக்கு மண் எடுத்துக்கொண்டிருந்த பொக்லைன் அதன்மேல் ஏற வந்தது. பெரியம்மா அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் கத்தினார், பிறகு காண்ட்ராக்டர் வந்து கத்தினார். சாயங்காலம் தகவல் கேட்டுப் புவியியல் துறை அதிகாரிகள் வந்து சேரும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. இந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்த காலத்து உயிர் அது என்று அவர்கள் சொன்னார்கள்.

திருச்சியிலிருந்து ஓவியர் வந்தார். கூடவே குழுவிலிருந்து ஒரு சார். பெரியம்மா தலையில் மண்கூடையோடு ஓடையில் நிற்பதுபோல வரையலாம் என்றார்கள். ஓவியர் என்னைப் பார்த்துவிட்டு, “பாப்பாவும் பக்கத்துல நிக்கட்டும். சின்னக் கூடை ஒண்ணு குடுத்தா அழகா இருக்கும்” என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மறுநாள் வகுப்பில் யாரிடம் முதலில் சொல்வது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

பெரியம்மா கேட்டாள்: “மத்த நாலு பேர எப்படிங்க வரையிறீங்க?”

“நாற்காலியில உக்காந்த மாதிரிம்மா” என்றார் ஓவியர்.

“அப்ப எனக்கும் நாற்காலி போடுங்க.”

சார் சிரித்தார். “நாற்காலியில உக்காந்தா நீங்க யாருன்னு பாக்கறவங்களுக்கு எப்படிம்மா தெரியும்? கூடை இருந்தாத்தான தெரியும்?”

“டாக்டரு கையில ஊசி இருக்குங்களா?”

“இல்ல.”

“ஹெட்மாஸ்டர் கையில பெரம்பு?”

சார் ஓவியரைத் திரும்பிப் பார்த்தார்.

“அவுங்க யாருன்னு கீழ எழுதிப் போடுவீங்கல்ல? எனக்கும் அதே மாதிரி எழுதிப் போடுங்க.”

அவர்கள் கொண்டுவந்திருந்த சம்மதக் கடிதத்தைக் கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. “வூடு தேடி வந்தத வெரட்டி வுட்டுட்டா” என்று பெரியப்பா போகிற வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினார். நான் மனதார அவர் கட்சி. பெரியம்மா தலை பின்னிவிட வந்தால் அம்மாவிடம் ஓடிப்போவேன்.

பிறகு ஒருநாள் காலையில் ஓவியர் மட்டும் வந்தார். குழு இரண்டு கூட்டம் போட்டுப் பேசி, கடைசியில் ஒத்துக்கொண்டதாம். எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் ஸ்டூல்தான் இருந்தது. “இதுலயே உக்காருங்கம்மா, நாற்காலிய நான் அப்புறமா வரைஞ்சுக்கறேன்” என்றார்.

“இல்லாத நாற்காலியில நான் எதுக்குங்க உக்காரணும்?”

பெரியம்மா நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். டீச்சரிடம் கேட்டு, கை வைத்த மரநாற்காலி ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவழியே வந்தாள். ஓவியர் அவசரமாகக் கேமராவை எடுத்தார்.

“இத எடுக்காதீங்க” என்றாள். அவர் கேமராவை இறக்கிவிட்டார்.

தினம் கட்டுகிற நீலப் புடவையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் நாற்காலியின் கைகள்மேல் வைத்துக்கொண்டாள். வெடித்த நகங்களை மறைக்கவில்லை. மத்தியானம்வரை முதுகு சாயவில்லை. டீ வந்தபோதும் எழுந்திருக்கவில்லை. களை எடுக்கப் போகிற வயல்காரர்களின் பெரிய வீடுகளில் அவள் வாசலிலேயே நின்று பேசிவிட்டு வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இதையும் அதையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தெரியவில்லை. இந்த வயதில் என்ன வீம்பு என்றுதான் நினைத்தேன்.

திறப்பு விழாவில் ஐந்து படங்களும் ஒரே சுவரில் இருந்தன. பெரியம்மா தன் படத்தை அதிகம் பார்க்கவில்லை. ஐந்தும் ஒரே உயரத்தில் மாட்டியிருக்கிறதா என்று தள்ளி நின்று ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில் நான் அவளோடு பேசவில்லை.

“என்னடி கோவம் உனக்கு?”

“படத்துல நான் இல்ல.”

“உனக்குக் கூடை தரேன்னாரே, அந்தப் படமா?”

தலையாட்டினேன். அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, “உன்ன வரைய வர்றப்ப எப்படி வரையணும்னு நீ சொல்லு. அத நான் சொல்லக் கூடாது, அவுங்களும் சொல்லக் கூடாது” என்றாள்.

ஏமாற்றிவிட்டுச் சமாதானம் சொல்கிறாள் என்று நினைத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.