நூற்றுக்கு ஐந்து புழு

சுராயா டீச்சரிடம் தங்கையன் பட்டிருந்த கடன் பன்னிரண்டாயிரம் ரூபாய். அதை அடைக்கப்போகும் பட்டுப்புழுக்களில் ஒன்றை இரண்டு விரலால் எடுத்து, ஷெட்டு வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. "இன்னும் பசி அடங்கலை இவனுக்கு" என்று இலைமேல் திரும்ப விட்டார். காலையில் முதல் வேலை இதுதான்.

ஸ்ரீரங்கம் மேலூரில், வாழைகளுக்கு நடுவே முக்கால் ஏக்கர் மல்பெரி போட்டிருக்கிறார். "அஞ்சாங்கிளாஸ் தாண்டலைங்க. எனக்கு வாத்தியாரும் கிடையாது. இந்த ஊர்ல பட்டு விளைய வெச்சவன் யாருன்னு கேளுங்க!" கேட்காதவர்களுக்கும் சொல்வார். கிருமி அண்டாமலிருக்க வாசலில் தூவிய சுண்ணாம்புத் தூளை மிதிக்காமல் யாரும் ஷெட்டுக்குள் நுழைய முடியாது. புகையும் வாசனையும் புழுவுக்கு ஆகாதென்று, கொசுவத்தி ஏற்றிய பக்கத்து வீட்டோடு ஆறு மாதம் பேச்சில்லை.

இத்தனை கெட்டிக்காரர் போன ஆடியில் கவிழ்ந்தார். எல்லாப் புழுவும் ஒன்றாகக் கூடு கட்டுவதற்கு ஒரு ஹார்மோன் மருந்து உண்டு. கடைசிப் பருவத்தின் ஏழாம் நாள் வாக்கில் இலையில் தெளிக்க வேண்டியதை நாலாம் நாளே தெளித்துவிட்டார். ஊருக்கு முந்திக் காட்ட வேண்டுமாம். புழுக்கள் தீனியை விட்டுவிட்டுக் கூடு கட்டின. அத்தனையும் வெங்காயச் சருகு. வியாபாரி ஒன்றை நசுக்கிப் பார்த்துவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

திருச்சிக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்குப் புழு வாங்க வரும் பாலக்கரை சுராயாதான், கூடு கட்டாமல் தங்கிய ஒன்றை அறுத்துக் காட்டினார். பட்டுச் சுரப்பி இளைத்துக் கிடந்தது.

"ஐயா, 'தின்னு, வளரு'ங்கிற ஹார்மோன் மொதல்ல வடியணும். அப்புறம்தான் 'கூடு கட்டு'ங்கிறது வரணும். சுரப்பி ரொம்பறதுக்குள்ள நீங்க உத்தரவு போட்டுட்டீங்க."

அடுத்த தடவை புழு வாங்கிவிடப் பன்னிரண்டாயிரமும் அவரே கடனாகக் கொடுத்தார். "நூத்துக்கு அஞ்சு புழு தானா பழுத்து மஞ்சளாகட்டும், அப்புறம் மருந்து. அதுதாங்க வட்டி."

இந்த முறை ஆறாம் நாளே, இலை பறிக்க வரும் மூக்கன் சீண்டினார். "என்னண்ணே, கை நடுங்குதா? அடிச்சு விடுங்க."

கை அரிக்கத்தான் செய்தது. "போடா, டீச்சரம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

மறுநாள் காலை எண்ணினார். நூறில் ஐந்து, கண்ணாடிபோல மஞ்சளடித்துத் தலையைத் தூக்கி நின்றன. அதன் பிறகே மருந்துப் புட்டியைத் திறந்தார். கூடுகள் கூழாங்கல்லாக இறுகின. வியாபாரி ஒன்றை அழுத்திப் பார்த்துவிட்டு எடை போட்டார். "உங்களுக்கு வாத்தியாரே இல்லையேண்ணே?" என்றார் மூக்கன். "இருக்காங்கடா, பாலக்கரையில!"

சுராயா வந்தபோது ஷெட்டில் அடுத்த புழு இறங்கியிருந்தது.

"அத்தர் போட்டுட்டு வரலையே டீச்சரம்மா?"

"உங்க புழுவுக்குப் பயந்து ரெண்டு நாளா போடலைங்க. பணத்துக்கு அவசரமில்ல ஐயா, அடுத்த தடவை…"

"கையை நீட்டுங்க."

கை கழுவித் துடைத்துக்கொண்டு, ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் எடுத்து, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, விரிந்த அந்த உள்ளங்கையில் பூப்போல வைத்தார், இருபத்துநாலு வரை.