பத்து அணிலும் பத்தாயிரம் எலியும்

செல்போனில் எல்லோரும் பாம்பு விளையாடிய காலம். காலையில் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஒருவர் எனக்கு எதிரே உட்காருவார். இரும்பு உருக்கும் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. புருவம் பாதி கருகியிருக்கும். பக்கத்தில் யார் எதை எழுதினாலும் தலையை நீட்டிப் பார்ப்பார். அன்று நான் ஒரு சிறுவர் பத்திரிகைக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தேன்.

மீஞ்சூர் தாண்டியதும், "இன்னா சார் கதை?" என்றார்.

"பத்து அணில் வீரருங்க சேர்ந்து பத்தாயிரம் எலிங்கள ஜெயிக்கிறாங்க," என்றேன் பெருமையாக.

"பத்தாயிரமும் ஒரே நாள்ல டூட்டிக்கு வந்துச்சா? எங்க ஷிப்டுக்கு நாப்பது பேரே ஒயுங்கா வர்றதில்ல."

பெட்டியே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. "கொஞ்சம் பேரு பெரிய கூட்டத்த ஜெயிச்சாதான் அது வீரம்," என்றேன்.

"வீரமா? போன மாசம் பெர்மனென்ட் பண்ணச் சொல்லி நூறு பேரு கம்பெனி கேட்டாண்ட நின்னுகினு இருந்தோம். உள்ள ஆபீசருங்க மூணே பேரு. 'ஒவ்வொருத்தரா வாங்க, பேசலாம்'னாங்க. போனோம். சாயங்காலத்துக்குள்ள அல்லாரும், இனிமே கேக்க மாட்டோம்னு கையெழுத்து போட்டுட்டோம்." என் நோட்டைத் தட்டினார். "உங்க எலிங்களும் ஒவ்வொண்ணாதான வருது?"

புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் ஒவ்வொன்றாகத்தான் வந்து செத்துக்கொண்டிருந்தன.

அந்தக் கதையை நான் இன்னும் முடிக்கவில்லை. எலிகளைச் சேர்ந்து வரவிட்டால் என் வீரர்கள் அரைப் பக்கம் தாங்கமாட்டார்கள். தனித்தனியாக வரச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.