பழுதே ஆகாத கார்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. தை மாதக் கடைசியில் பெரியப்பா கொழும்பிலிருந்து ஒரு கார் கொண்டுவந்தார். மூன்று கை மாறிய கார். முன்னால் இருந்த சின்னம் மட்டும் மாறாமல் பளபளத்தது.
2. அப்பா ஆட்களை ஏற்றி ஓட்டும் வான் கொட்டகையிலிருந்து வெளியேற்றப்பட்டு வேப்பமரத்தின் கீழ் விடப்பட்டது.
3. வானை விற்பதென்று முடிவாயிற்று. ஊர்காவற்றுறையில் ஒருவருக்கு அப்பா வாக்குக் கொடுத்தார்.
4. ஒரு வெள்ளிக்கிழமை காலை புங்குடுதீவில் எங்கள் கோயிலில் காருக்குப் பூசை நடந்தது. வானை வாங்குபவர் அன்று பத்து மணிக்கு வேலணைக்கு, எங்கள் வீட்டுக்கு, வருவதாக இருந்தது.
5. பூசை முடிந்து கால் மணித்தியாலத்துக்குள் கடல்பாதையின் நடுவில் கார் நின்றது.
6. காரில் பழுது எதுவும் இருக்கவில்லை.

ஆறாவதை எங்கள் வீட்டில் ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. நான் மூன்று வருடம் வாகனத் தொழில்நுட்பம் படித்து, யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கராஜில் வேலை செய்கிறவள். பெரியப்பா முப்பது வருடம் அந்தக் கார் செய்யப்படும் நாட்டில் இருந்தவர். இரண்டு தகுதிகளையும் தராசில் வைத்தால் எது தாழும் என்று எங்கள் ஊரில் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அந்த முப்பது வருடமும் அவர் ரயிலில்தான் வேலைக்குப் போய்வந்தார் என்பது வேறு விடயம்.

அந்தக் கம்பனியின் பெயரை எழுதப்போவதில்லை. பெரியப்பாவும் சொல்வதில்லை. "எங்கட கார்" என்பார், சொல்லிவிட்டுச் சின்னத்தைப் பார்ப்பார், கேட்பவரும் அதைப் பார்க்கவேண்டும்.

வான் சாதாரண ஜப்பான் வான். என்னைவிட இரண்டு வயது இளையது. ஒவ்வொரு நாளும் விடிய யாழ்ப்பாணத்தில் எட்டு ஆசிரியைகளை ஏற்றிப் புங்குடுதீவுப் பள்ளிக்கூடங்களில் இறக்கும். பிறகு நயினாதீவுக்குப் போகிறவர்களைக் குறிகட்டுவான் படகுத்துறைக்குக் கொண்டுபோகும், கொண்டுவரும். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்த வானால். அதை விற்றுவிட்டுக் காரைக் கலியாணங்களுக்கும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் அப்பா ஓட்டவேண்டும் என்பது பெரியப்பாவின் திட்டம்.

"தம்பி, வான் இண்டைக்கோ நாளைக்கோ வழியில நிண்டு உன்னை அவமானப்படுத்தும். இது நிக்காது. நிக்கிற சாமான் அவங்கள் செய்யிறதில்லை."

"எட்டு ரீச்சர்மாரையும் இதுக்குள்ள எப்படி ஏத்துறது?" என்று அம்மா கேட்டார். "ஒருத்தருக்கு மேல ஒருத்தரா அடுக்கியோ?"

"ரீச்சர்மார் பஸ்ஸில போகட்டும்."

அப்பா அண்ணைக்கு மறுசொல் சொல்லிப் பழகாத மனிதர். எண்ணெய் மாற்றும் நாளையும் பெல்ட் மாற்றிய நாளையும் வான் கதவின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைப்பார். அந்த வாரம் அந்த எழுத்துக்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வாங்குபவருக்குத் துப்புரவாகக் கொடுக்கவேண்டுமாம்.

நான் பேசவில்லை என்றில்லை. பேசினேன்.

"பெரியப்பா, விலை கூடின காரின்ர எஞ்சின் நல்லதுதான். ஆனா அதில பழுதாகக்கூடிய சாமான் கூட. இருக்கை சூடாக்கிற மோட்டர், கண்ணாடி மடக்கிற மோட்டர், கதவை மெதுவா இழுத்துச் சாத்திற மோட்டர். வானில கதவை நாங்கள்தான் சாத்திறம். எங்கட கை பழுதாகாது. உப்புக்காத்தில மற்றதெல்லாம் பழுதாகும்."

"நீர் கராஜில நிக்கிறீர், பிள்ளை. கராஜுக்கு வாறது எல்லாம் பழுதான கார். ஆஸ்பத்திரியில நிக்கிறவைக்கு உலகமே வருத்தக்காரராத்தான் தெரியும்."

உண்மையில் அது நல்ல வாதம். முப்பது வருடத்தில் அவர் சொன்ன ஒரே நல்ல வாதமாகவும் இருக்கலாம்.

ஆனால் கராஜில் நின்றதால் எனக்குத் தெரிந்த ஒன்றும் உண்டு. சாதாரண வண்டிக்காரர் வாசலில் வரும்போதே, "பிள்ளை, சனியன் திரும்பவும் பழுதாப்போச்சு" என்று ஊருக்கே கேட்கச் சொல்வார். விலை கூடிய காரின் சொந்தக்காரர் அப்படிச் சொல்வதில்லை. "சேர்விஸுக்கு விட வந்தனான்" என்பார். காரை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்திருப்பார். ஆனாலும் சேர்விஸ்தான். சாதாரண வண்டி பழுதாகும். விலை கூடிய வண்டி ஓய்வெடுக்கும். பிறகு சனங்களைக் கேட்டு எது நம்பிக்கையான வண்டி என்று கணக்கெடுத்தால், பதில் எப்படி வரும்?

இனி வெள்ளிக்கிழமை.

அப்பா வழமைபோல ஆசிரியைகளை இறக்கிவிட்டு வானோடு கோயிலுக்கு வந்தார். அதுவே வானின் கடைசி ஓட்டம் என்பது அவருக்குத் தெரியும். வானைக் கொஞ்சம் தள்ளி, மதிலோரமாக, காரின் புகைப்படத்தில் விழாத இடத்தில் விட்டார். நான் அரைநாள் லீவு போட்டு அம்மாவோடும் பெரியப்பாவோடும் காரில் வந்திருந்தேன்.

ஐயர் தேங்காய் உடைத்தார். தீபம் காட்டினார். நாலு ரயருக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்தார். எல்லாம் வானுக்கும் செய்வதுதான். பிறகு ஒரு கிண்ணம் நிறையக் குழைத்த சந்தனத்தோடு காரின் முன்னால் வந்து, சின்னத்துக்கு நேரே கையைக் கொண்டுபோனார்.

"ஐயா, அந்த இடத்தில வேண்டாம்," என்றேன். "சின்னத்துக்குப் பின்னால ராடார் இருக்கு. முன்னால என்ன வருது எண்டு பாக்கிறது அதுதான்."

"ராடாருக்கும் சேத்தே வைப்பம், பிள்ளை," என்றார் ஐயர். அள்ளி அப்பினார். நடுவில் குங்குமம். அதற்குமேல் ஒரு செவ்வரத்தம்பூ.

பெரியப்பாவுக்குப் போதவில்லை. "முன் கண்ணாடியிலையும் ஒண்டு வையுங்கோ, ஐயா. நடுவில. உச்சியில." பாதையைப் பார்க்கும் கமரா இருப்பது அந்த உச்சியில்தான். அதுவும் போயிற்று. முன்பக்கம் முழுக்க ஒரு பெரிய மாலையைத் தொங்கவிட்டார்கள். பெரியப்பா கைகட்டி நின்று பார்த்தார். அவருடைய காருக்கு இரண்டு கண்ணும் அடைத்தாயிற்று.

புங்குடுதீவிலிருந்து வேலணைக்கு வரும் பாதை கடலின் நடுவே போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், எதிரே வெயில், பக்கவாட்டில் காற்று. நாங்கள் காரில், பெரியப்பா ஓட்டினார். அப்பா பின்னால் வானில். பாதி தூரம் வந்திருப்போம். காற்று மாலையைத் தூக்கிச் சின்னத்தின்மேல் அடித்தது. முன்னால் ஏதோ குறுக்கே வந்துவிட்டது என்று நினைத்துக் கார் தானாகவே பிரேக் போட்டது. அம்மாவின் மடியிலிருந்த பூசைத்தட்டு முன்னால் பறந்தது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து: பாதுகாப்பாக நிறுத்தவும், முகவரைத் தொடர்புகொள்ளவும்.

பெரியப்பா எஞ்சினை நிறுத்தினார். பிறகு அவர் அதைத் தொடவில்லை.

"பெரியப்பா, ஒண்டும் இல்லை. மாலையைக் கழட்டி, சந்தனத்தைத் துடைச்சா ஓடும். துடைக்காட்டியும் மெதுவா ஓடும். ஸ்ராட் பண்ணுங்கோ."

"சிவப்பு எரியுது, பிள்ளை. சிவப்பெண்டா சும்மா எரிய விடமாட்டாங்கள்."

மாலையைக் கழற்றினேன். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்ப் போத்தலால் ஒரு துணியை நனைத்துக்கொண்டு முன்பக்கம் போனேன்.

"என்ன செய்யப்போறீர்?"

"துடைக்கப்போறன்."

"பூசை முடிஞ்ச கையோட சாமியின்ர சந்தனத்தைத் துடைக்கிறதோ?" பெரியப்பாவின் குரல் கடலைத் தாண்டிப் போயிருக்கும். "புதுக்காருக்கு அபசகுனம் செய்யப்போறீரோ?"

அந்த நேரம் யாழ்ப்பாணம் போகும் பஸ் வந்து பின்னால் நின்றது. நடத்துனர் இறங்கி வந்தார்.

"என்ன அண்ணை, கார் குளிக்க இறங்கப்போகுதோ?"

"கொம்பியூட்டர் பழுது, தம்பி," என்றார் பெரியப்பா, ஏதோ பட்டம் கிடைத்ததைச் சொல்வதுபோல.

"சந்தனம் மறைச்சுப்போட்டுது. துடைச்சாச் சரி," என்றேன் நான்.

பஸ்ஸின் யன்னல்கள் எல்லாம் தலைகளால் நிறைந்தன. ஒரு பெண், "இண்டைக்கு வெள்ளிக்கிழமை, துடையாதை பிள்ளை," என்றார். இன்னொருவர், "அப்ப நாளைக்கு மட்டும் இதிலயே நிக்கிறதோ?" என்றார். "கொஞ்சமாத் துடைக்கலாம், குங்குமத்தை விட்டுட்டு," என்று பின் இருக்கையிலிருந்து ஒரு சமரசத் திட்டமும் வந்தது. நடத்துனர் காரின் பக்கக் கண்ணாடியை மடக்கி, முன்னால் நடந்து, ஒரு கை இடைவெளியில் பஸ்ஸை எடுத்துவிட்டார். போகும்போது திரும்பிப் பார்த்து, "அண்ணை, உங்கட வான் நல்லா நிக்குது," என்றார். அப்பாவிடம்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தட்டில் விழாமல் மிஞ்சிய வாழைப்பழங்களைப் பார்த்தார். துணி என் கையில்தான் இருந்தது. ராடார் அலை எப்படிப் போகும், ஈரச் சந்தனம் அதை எவ்வளவு மறைக்கும் என்றெல்லாம் எனக்குத் தெரியும். நான் துடைக்கவில்லை. இதில் பெரியப்பாவைப் பார்த்து மட்டும் சிரிக்க எனக்கு உரிமை இல்லை.

பெரியப்பா கொழும்பு முகவருக்குப் போன் எடுத்தார். காரை அசைக்கவேண்டாம், ஏற்றும் லொறி வரும் என்றார்கள். அதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. "பாத்தியோ, எவ்வளவு பொறுப்பு. உங்கட வானுக்கு ஆர் லொறி அனுப்புவான்?"

"வானுக்கு லொறி தேவைப்படேல்லை, அண்ணை," என்றார் அப்பா. அவர் அண்ணையிடம் அப்படிச் சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன். உடனே பயந்துபோய்க் கடலைப் பார்த்தார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. வானை வாங்க வந்தவர். பத்து மணியாகிவிட்டது, எங்கள் வீட்டுப் படலையில் நிற்கிறார்.

அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு காரைப் பார்த்தார். குடை பிடித்தபடி நிற்கும் அண்ணையைப் பார்த்தார். வானைப் பார்த்தார். அதன் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அவர் நிறுத்த மறந்திருந்தார். கார் நின்றுவிட்டது, அதனால் வானைத் தரமாட்டேன் என்று சொன்னால் அது அண்ணைக்கு அவமானம். வேறு காரணம் வேண்டும். அதை அவர் அந்த இடத்திலேயே கண்டுபிடித்தார்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. வான் சரியில்லை. கிளட்ச் பழுதாப்போச்சு. எஞ்சினிலயும் ஒரு சத்தம். உங்களுக்குப் பழுதான சாமானைத் தர எனக்கு மனம் வரேல்லை... ஓம், ஓம். இல்லை ஐயா, எப்பவும் தரேலாது. இது இனித் திருந்தாது."

கிளட்ச் புதியது. நானே கார்த்திகையில் மாற்றியது. எஞ்சினில் சத்தம் இல்லை.

"நான் சொன்னனான்தானே," என்றார் பெரியப்பா, குடையின் கீழிருந்து. "வானை நம்பேலாது."

"ஓம் அண்ணை," என்றார் அப்பா.

பெரியப்பா காரோடு நிற்க, அப்பாவும் அம்மாவும் நானும் வானில் ஏறி வீட்டுக்கு வந்தோம். லொறி பின்னேரம் வந்தது. கார் கொழும்புக்குப் போய்ப் பன்னிரண்டு நாளில் திரும்பியது. கூட வந்த கடதாசியில் ஒரு வரி இருந்தது: முன்பக்கம் கழுவப்பட்டது, பழுது எதுவும் காணப்படவில்லை. பெரியப்பா அதன் இரண்டாம் பாதியை மட்டும் வாசித்துக் காட்டுகிறார். காணப்படவில்லையென்றால் இல்லை என்றுதானே அர்த்தம் என்கிறார். முதல் பாதியைக் கேட்டால், கொம்பியூட்டருக்குள் ஏதோ கழுவியிருக்கிறார்களாம்.

விலை கூடிய கார்கள் உண்மையில் அதிகம் நம்பக்கூடியவையா என்று கராஜில் யாராவது கேட்டால், நான் நேரடியாகச் சொல்வதில்லை. வண்டி எங்கே ஓடும், அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், தேவைப்படும் சாமான் எத்தனை நாளில் வரும் என்று திருப்பிக் கேட்கிறேன். கேட்டவர்கள் பெரும்பாலும் அதற்குள் சின்னத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

இப்போதைய நிலை இதுதான். கார் உறை போட்டுக் கொட்டகைக்குள் நிற்கிறது. கிழமைக்கு ஒருதடவை பற்றரிக்காக எஞ்சின் போடுகிறோம். வெளியே எடுக்கப்படாததால் ஒருநாளும் பழுதாகவில்லை, அந்தப் பெயர் தீவு முழுக்கப் பரவியிருக்கிறது. வான் ஒவ்வொரு நாளும் எட்டு ஆசிரியைகளோடு புங்குடுதீவுக்குப் போய்வருகிறது. அது பழுதான வான் என்று ஊர்காவற்றுறை வரை பெயரெடுத்துவிட்டதால், வாங்கக் கேட்டு இனி ஒருவரும் வருவதில்லை.