தியேட்டர் அண்ணன் கேட்ட தாள்

கழுத்தில் மாலை போட்டுக்கொண்டு வருவதுபோல அந்த ரப்பர் வளையத்தைப் போட்டுக்கொண்டு அவர் வந்து இறங்கிய காலை எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. குலசேகரத்திலிருந்து வரும் முதல் பேருந்து. வழியில் பெய்த மழையில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. வளையம் மட்டும் நனையாமல் பிளாஸ்டிக் உறையைச் சுற்றியிருந்தார். "சிஸ்டரே, மாப்பிள்ள வந்தாச்சு, பொண்ணு ரெடியா?" என்று ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவிலிருந்தே கத்தினார். பொண்ணு என்றது எங்கள் ஆட்டோகிளேவை. ஆபரேஷனுக்கு வேண்டிய துணிகளையும் கருவிகளையும் நீராவியில் அவித்துச் சுத்தம் செய்கிற இயந்திரம் அது. அதன் கதவிலிருந்த ரப்பர் வளையம் தேய்ந்துபோய், நாலு மாதமாக ஆவி ஒழுகிக்கொண்டிருந்தது.

அவரை நாங்கள் எல்லோரும் தியேட்டர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பத்து வருடங்களுக்கு முந்தைய கதை இது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரி. நான் அங்கே ஆபரேஷன் தியேட்டரில் தொகுப்பூதிய நர்ஸ். அவர் ஒப்பந்தக்காரர் மூலம் வந்த துப்புரவுப் பணியாளர். இருவருமே வேலை நிரந்தரமாகுமென்று காத்திருந்தவர்கள். எனக்கு ஆயிற்று. அவருக்கு வேலையும் போயிற்று, பெயரும் போயிற்று. அதில் என் கையும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்துவைத்துத் திடுக்கிட வைக்கும்படி அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

துப்புரவுப் பணியாளர் என்பது தாளில் மட்டும்தான். தரை துடைப்பது, ரத்தத் துணி அலசுவது, டிரம்மில் துணி அடுக்குவது, ஆட்டோகிளேவ் ஓட்டுவது, மயக்க டாக்டர் எங்கோ வைத்துவிட்டுத் தேடும் மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான். முதுகில் மயக்க ஊசி போடும்போது கர்ப்பிணிகள் அசையாமல் குனிந்து உட்கார வேண்டும். நடுங்குகிற பெண்ணுக்கு முன்னால் போய் நின்று, "எனக்க தோளுல தலைய சாச்சுக்கிடு மக்களே. கூடப்பொறந்த அண்ணன்னு நெனச்சுக்கிடு. ஒரு எறும்புக் கடி, அவ்வளவுதான்" என்பார். எறும்புக் கடி இல்லையென்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் சாய்ந்துகொள்வாள். மனிதர் ஒன்றும் புனிதரில்லை. வாய் ஓயாது. மாஸ்க்குக்குள் வெற்றிலையை அடக்கிக்கொண்டு நின்றதற்காக என்னிடம் எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறார். நான் நாஞ்சில்நாட்டு வயல்காட்டுப் பக்கத்துக்காரி என்பதால் என் பேச்சைக் கேலி செய்வார். "சிஸ்டரு பேசினா ரேடியோவுல செய்தி வாசிக்குத மாதிரில்லா இருக்கு" என்பார். தன் கைவேலையில் அவருக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வம்தான் அவரைக் கவிழ்த்தது என்று ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான பெரிய டாக்டர் பிற்பாடு சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கவிழ்த்தது நாங்கள்.

வளையம் வேண்டுமென்று நாங்கள் மேலே எழுதாமலில்லை. எந்தக் கம்பெனி, எந்த மாடல், எப்போது வாங்கியது என்று கேட்டுப் பதில் வந்தது. எழுதி அனுப்பினோம். அதே கேள்விகளோடு மறுபடியும் கடிதம் வந்தது. அந்த நாலு மாதமும் டிரம்களை ஆம்புலன்ஸில் ஏற்றி, வேறொரு ஆஸ்பத்திரியில் அவித்து வாங்கி வந்தோம். ஆம்புலன்ஸ் கிடைக்காத நாட்களில் சிசேரியன் கேஸ்களை வேறிடத்துக்கு அனுப்பிவிடுவோம். அப்படி அனுப்பிய ஒருத்தி இனயத்துக்காரி. ஆட்டோ புதுக்கடை முக்கைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. செய்தி வந்தபோது தியேட்டர் அண்ணன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "இனி ஒண்ண ரோட்டுல விடப்பிடாது. நம்ம ஊருல இல்லாத ரப்பரா சிஸ்டரே?" என்றார். பழைய வளையத்தை நூலால் அளந்துகொண்டு போனார். அவருடைய மச்சான் ஒருவர் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தார். பெரிய டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் போனார். "ஓடினா சரி" என்றார் டாக்டர். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

வளையத்தைக் கதவில் பொருத்த ஒரு மணி நேரம் ஆயிற்று. உள்ளே இருட்டு, என் செல்போன் வெளிச்சத்தை நான்தான் பிடித்தேன். முதல் டிரம்மை வைத்து ஆவியை ஏற்றினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. டிரம்மின்மேல் ஒட்டுகிற டேப்பில் கோடுகள் கறுத்தால் உள்ளே சூடு சரியாகப் பாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கோடுகள் மைபோலக் கறுத்திருந்தன. துணியைப் பிரித்தபோது மட்டும் ரப்பர் ஷீட் புகையின் மணம் லேசாக அடித்தது. "குலசேகரம் மணம். நம்ம பிள்ளையளுக்கு ஒத்துக்கிடும்" என்றார். பெரிய டாக்டர் எல்லோருக்கும் சாயாவும் பழம்பொரியும் வரவழைத்து, அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். பரிசோதனைக்கு வந்த மேலதிகாரியிடம், சொந்த முயற்சியில் சரிசெய்துவிட்டோம் என்று சொல்லிப் பாராட்டும் வாங்கினார். அந்தப் பாராட்டில் அண்ணனின் பெயர் வரவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவரும்தான்.

மூன்று மாதம் கழித்து, ஒரே வாரத்தில் நாலு பெண்களுக்குச் சிசேரியன் தையல் பழுத்துப் பிரிந்தது. பிரிந்த தையலைச் சுத்தம் செய்து மறுபடி போடும்போது நான்தான் கருவி எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண்கள் அழுத அழுகையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பால் கட்டி நெஞ்சு கனக்க, பிள்ளையைப் பக்கத்தில் போடவும் முடியாமல் கிடந்தார்கள். வாசலில் உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். டி.வி.க்காரர்கள் வந்தார்கள். மறுநாளே விசாரணை என்று தகவல் வந்தது.

விசாரணைக்கு முன்னால் பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரப்பர் விஷயம் நம்ம யாருக்கும் தெரியாது. அவன் தானா மாட்டிட்டான். புரியுதா சிஸ்டர்? உங்க பணி நிரந்தர ஃபைல் மேலே போயிருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க" என்றார். புரிந்தது. தியேட்டர் பொறுப்பிலிருந்த சிஸ்டர் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்ததால், சுகமில்லை என்று விடுப்பில் போய்விட்டார். என் வீட்டுக்காரர் வேலை போய்க் கல்ஃபிலிருந்து திரும்பியிருந்தார். இதையெல்லாம் காரணமாகச் சொல்கிறேனா, சாக்காகச் சொல்கிறேனா என்று இன்றைக்கும் எனக்கே விளங்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளைத் தந்து எழுதச் சொன்னார்கள். மேற்படி பணியாளர் யாருடைய அனுமதியும் பெறாமல் தன்னிச்சையாக உதிரிபாகத்தை மாற்றியதாகத் தெரியவருகிறது, மாற்றியபோது நான் உடனில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லாமல் எழுதினேன். அதுதான் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

பிறகு அவரைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது. "ஆமா, நாந்தான் மாத்தினேன். நல்லாத்தானே ஓடிச்சு? கேட்டுட்டுத்தான் செய்தேன். இஞ்ச எல்லாருக்கும் தெரியும்" என்றார். சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பெரிய டாக்டர் ஃபைலைப் புரட்டினார். நான் தரையைப் பார்த்தேன். அவர் அன்று காலையில் துடைத்த தரை, பளபளவென்றிருந்தது. அன்று மத்தியானமே ஒப்பந்தக்காரர் வந்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நீக்குகிறோம் என்று ஒரு கடிதம் கூடக் கிடையாது. நியமித்ததற்கே கடிதம் இல்லாதபோது நீக்குவதற்கு எதற்கு? தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போகும்போது, "அந்த நாலு பிள்ளையளுக்கும் இப்ப எப்டி இருக்கு சிஸ்டரே?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

நாலு மாதம் கேட்டும் வராத வளையம், அவர் போன ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தது. அதைப் பொருத்திய பிறகும் இரண்டு பெண்களுக்குத் தையல் பழுத்தது. அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கோளாறு, வயிற்றைத் துடைக்கும் மருந்துக் கரைசலில் இருந்தது. கெட்டுப்போன கேன்கள். லேபில் இருந்த பெண் எனக்குத் தெரிந்தவள். முடிவு எழுதிய சீட்டை என்னிடம் காட்டினாள். கேன்களைச் சத்தமில்லாமல் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள், தையல் பழுப்பது நின்றது. ரப்பர் வளையத்தின் மேல் பழியில்லை என்று ஒருவரும் எழுதவில்லை. விசாரணை அறிக்கை ஏற்கெனவே போய்விட்டதாம், இனிக் கிளற வேண்டாமாம். அந்த மாதக் கடைசியில் என் பணி நிரந்தர ஆணை வந்தது. நானும் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன்.

போன வருடம் ஒரு முற்பகல், தியேட்டருக்கு ஒரு சிசேரியன் கேஸ் வந்தது. இப்போது தியேட்டர் பொறுப்பு என்னுடையது. ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த பெண் என் குரலைக் கேட்டதும், "நீங்கதானே அந்த சிஸ்டரு?" என்றாள். மாஸ்க் போட்டிருந்தும் என் ரேடியோப் பேச்சை வைத்து அடையாளம் கண்டுகொண்டாள். "நான் தியேட்டர் அண்ணனுக்க மக. அப்பா சொல்லுவாவ, அன்னைக்கு நீங்க மட்டுந்தான் உள்ளத எழுதினியளாம். நீங்க நிக்குதியன்னா எனக்கு ஒரு பேடியும் இல்ல, பயமில்லாம படுத்துக்கிடுவேன்" என்றாள். நான் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆண் பிள்ளை, பிறந்ததும் ஊரைக் கூட்டினான்.

வெளியே அவர் நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வருமுன் செய்துவந்த ரப்பர் பால் வெட்டும் வேலைக்கே மறுபடியும் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார். நல்ல சேதியைச் சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் சொன்னதைத் தாங்கிக்கொண்டு இன்னொரு நாள் என்னால் இருக்க முடியாது என்று பட்டது. "அண்ணே, நான் அன்னைக்கு உள்ளத எழுதல்ல" என்றேன். அவர் முகம் மாறவில்லை. "தெரியும் சிஸ்டரே. நீங்க எழுதினத காண்ட்ராக்டரு அன்னைக்கே வாசிச்சுக் காட்டினான்" என்றார்.

"பின்ன ஏன் அவகிட்ட அப்படிச் சொன்னிய?"

"வேற எங்க கொண்டு போவ? மருமவன் இப்பதான் துபாய்க்குப் போயிருக்கான், பிரைவட்டுக்கு வழியில்ல. அவளுக்கு இந்தத் தியேட்டருன்னாலே பேடி, அப்பனுக்குப் பேரு கெட்ட எடம்லா. உள்ள ஒரு நல்ல ஆளு உண்டுன்னு ஒரு மாசமா சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி ஒரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை. "ஒரு காரியம் செய்வியளா? நடந்தது என்னன்னு ஒரு பேப்பருல எழுதி, ஒப்பு போட்டுத் தருவியளா? வேலைக்கு இல்ல, அது போவட்டும். ஊருல எனக்கு ஒரு பேரு உண்டு, பொம்பளயளுக்க வயித்துல சீழு வச்சவன்னு. நாளைக்கு இந்தப் பேரப்பிள்ள காதுலயும் விழும்லா. ஆருட்டயும் கொண்டு குடுக்க மாட்டேன். வீட்டுல வச்சிருப்பேன்" என்றார். பத்து வருடத்தில் அவர் யாரிடமும் எதுவும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. "கையெழுத்து போட்டே தாறேன் அண்ணே" என்றேன்.

தையல் பார்க்க மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். காயம் சுத்தமாக ஆறியிருந்தது. எழுதி வைக்கவில்லை, வேலை அதிகம் என்றேன். பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்தார். வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். அடுத்த ஊசிக்கு வந்தபோது அவர் கேட்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கடந்து போனார், அவ்வளவுதான். பதவி உயர்வுப் பட்டியலில் இப்போது என் பெயர் இருக்கிறது. பழைய விசாரணையில் நான் பொய் சொன்னேன் என்று என் கையெழுத்தில் ஒரு தாள் வெளியே இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் வைத்திருப்பேன் என்றுதான் அவர் சொன்னார். அவர் சொன்ன சொல்லை மீறுகிறவர் இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

இந்தக் குறிப்பை எழுத எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அவர் கேட்டதோ ஒரு பக்கம். அவர் கேட்ட உண்மை எல்லாம் இதில் இருக்கிறது. டாக்டர் சரி என்றது, நான் வெளிச்சம் பிடித்தது, கெட்டுப்போன கேன்கள், நான் எழுதிய பொய், எதையும் விடவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியின் பெயர் இல்லை, டாக்டரின் பெயர் இல்லை, அவருடைய பெயர் இல்லை, கீழே என் ஒப்பும் இல்லை. யாராவது இதைப் பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்துக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாலும் அவருக்கு ஒன்றுக்கும் உதவாது. உதவாதபடிதான் எழுதியிருக்கிறேன்.