பியானோ மட்டும் இருந்த பதிவுகள்

ஓசூரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தவர் ஒரு பாட்டுக் குழுவை நடத்திவந்தார். பியானோ வாசிப்பார், எல்லோரையும் நிற்கவைத்துக் கையசைத்துப் பாடவும் வைப்பார். போன வருடம் மாரடைப்பில் இறந்துபோனார். சில மாதங்கள் கழித்து அவர் மனைவி ஒரு ஹார்ட் டிஸ்கோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அவரு பதிவு பண்ணது பூரா இதுல இருக்குது கண்ணு. தனியா கேக்க தைரியமில்ல. கூட உக்காறியா?"

நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். பகலெல்லாம் கம்பெனியில் பிரஸ் மெஷின் சத்தம்தான். சங்கீதம் தெரியாது. ஆனாலும் உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு தேவாலயப் பாட்டு, பெரிய கூட்டமாகப் பாடியது. அடுத்தது கன்னட நாடகத்துக்கான இசை. பிறகு ஒரு தெலுங்குக் கல்யாணக் கச்சேரி.

"எல்லாமே அவர்தானாக்கா?"

"அவரேதான். எதையும் சின்ன வேலைன்னு நெனைக்கமாட்டாரு."

அது எனக்கே கேட்டது. கல்யாணத்தில் பாடிய பெண் தாளத்தைத் தவறவிட்டதும் பியானோ கொஞ்சம் தயங்கி, அவளைச் சேர்த்துக்கொண்டு போனது. சாப்பாட்டுப் பந்திச் சத்தத்தில் அங்கே யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் வந்த பதிவுகளில் பியானோ மட்டும்தான். நடுவில் அவர் குரல்: "இங்க மூச்சு எடுத்துக்கங்க."

அக்கா அழுதார். உடனே சிரிப்பும் வந்துவிட்டது.

"குழுவுல பாதிப்பேரு கம்பெனி ஆளுங்க. ஷிப்டு மாறி மாறி வருமில்ல, ஒண்ணா சேர முடியாது. வீட்லயே பாடிப் பழகட்டும்னு போன்ல அனுப்பிவிடுவாரு."

அவர் போனபின் அந்தக் குழு கலைந்திருந்தது. அக்கா அன்றைக்கே எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த ஞாயிறு வந்தவர்கள் கொஞ்சம்பேர்தான். போச்சம்பள்ளியிலிருந்து ஒருவர் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்தார். ஸ்பீக்கரில் பியானோ ஆரம்பித்தது. யாருக்கும் பாட வாய் வரவில்லை. அக்கா எழுந்து முன்னால் போய் நின்று, திரும்பவும் போடச் சொன்னார். கையைத் தூக்கினார். பாடினார்கள்.

பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்தார். "கண்ணு, நீயும் வந்து நில்லு."

"எனக்குப் பாடத் தெரியாதேக்கா."

"எனக்கு மட்டும் கை காட்டத் தெரியுமா? வா."

போய் நின்றேன். இப்போது ஞாயிறுதோறும் நிற்கிறேன். போன மாதம் அவர் பதிவு செய்யாத ஒரு கன்னடப் பாட்டைப் பழக எடுத்தோம். கீபோர்டு வாசிப்பது எங்கள் கம்பெனியில் என் லைனில் வேலை செய்யும் பெண். நிறையத் தப்பு வருகிறது. அவளை அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறோம்.